நாலு நிமிஷம் இருபது விநாடி

ஆனந்தராஜின் வலது கட்டைவிரல் அவரிடமிருந்து பிரிந்து தனியாகக் குடித்தனம் நடத்தியது. அவர் டீயை ஊதிக்கொண்டிருப்பார், யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார், செய்தி வாசிப்பவர் கட்டியிருக்கும் டையைப் பற்றிக் கருத்துச் சொல்லிக்கொண்டிருப்பார். விரல் மட்டும் மெல்ல நகர்ந்து ரிமோட்டின் மேல் ஏறும். முதலில் ரப்பரை ஒரு தடவு தடவும். பிறகு கீழே இறங்கும் அம்பில் ஒரு அழுத்து. சீரியல் மறைந்து பக்கத்து எண்ணிலிருக்கும் பக்திச் சேனல் வரும். சாமி தலையில் பால் விழுவதற்குள் மேலே ஏறும் அம்பில் இன்னொரு அழுத்து. சீரியல் திரும்பி வந்துவிடும். மாமியார் ஒரு வார்த்தையை விழுங்கியிருப்பாள், அவ்வளவுதான். ரிமோட்டைத் தொடையில் ஒரு தட்டுத் தட்டி வைப்பார். அதன்பின் நாலு நிமிஷம் விரலுக்கு ஓய்வு. இத்தனையும் நடந்தது அவருக்குத் தெரியவே தெரியாது.

தெரியாமல் செய்தது அவர் ஒருவர் என்றால் இதை எழுத வேண்டியதில்லை. ஜெகதாப்பட்டினத்தில் எண்ணூறு வீடுகள் இதைச் செய்தன. வெங்காயம் நறுக்குகிறவர்கள் கத்தியைக் கீழே வைக்காமல் இடது கையால் செய்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் முழங்கையால் செய்தார்கள். ஊரில் எந்த வீட்டு ரிமோட்டை எடுத்தாலும் இரண்டு அம்புகளும் அழிந்து மொழுக்கென்று இருக்கும். தேய்ந்த ரிமோட்டுக்கு மாற்று ரிமோட், ஊருக்கே கேபிள் கொடுக்கும் ஆனந்தராஜின் கடையிலேயே கிடைத்தது.

செய்யாவிட்டால் படம் நின்றுவிடும். எந்தச் சேனலாக இருந்தாலும் சரி, நாலு நிமிஷம் இருபது விநாடிதான் ஓடும். கதாநாயகி வாயைத் திறந்தபடி நிற்பாள். மறந்துபோன வீட்டிலிருந்து உடனே ஆனந்தராஜுக்குப் போன் போகும். ஏன் இப்படி என்று கேட்டவர்களிடம் ஆனந்தராஜ் மூன்று வருஷமாக ஒரே பதிலைச் சொல்லிவந்தார்: மெஷினுக்கும் மூச்சு விட நேரம் வேண்டும், ஒரு சேனல் இறங்கி ஏறினால் அது மூச்சு விட்டுக்கொள்ளும். எல்லையில் துப்பாக்கியோடு வரும் ரோந்துப் படகைப் பார்த்தும் வலையை அறுக்காமல் இழுக்கிற ஆட்கள், இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் இறங்கி ஏறினார்கள். ஊரின் வீரம் கரையோடு முடிந்துவிடுகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. நான் ஐஸ் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். சொல்லாமல் இருப்பதில் நல்ல அனுபவம் உள்ளவன்.

உண்மை என்னவென்றால் இதுதான். பழைய கேபிளில் எல்லாச் சேனலும் எல்லா வீட்டுக்கும் ஓடியது. ஃபைபர் வந்த பிறகு அப்படியில்லை. ஒவ்வொரு சேனலும் ஒரு குழு. நாம் ரிமோட்டை அழுத்தும்போது வீட்டுப் பெட்டி, ‘இந்தக் குழுவில் சேர்கிறேன்’ என்று ஆனந்தராஜ் கடை மாடியில் இருக்கும் தாய்ப்பெட்டிக்குச் சொல்கிறது. தாய்ப்பெட்டி நம் கம்பியில் அந்தச் சேனலைத் திறந்துவிடுகிறது. வேறு சேனலுக்குப் போனால் ‘விலகுகிறேன்’ என்று சொல்லும், திறந்தது மூடும். சொல்லாமல் கொள்ளாமல் யாராவது டிவியை அணைத்துவிட்டால்? அதற்காகத்தான் தாய்ப்பெட்டி இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை எல்லாக் கம்பியிலும் ஒரு கேள்வியை அனுப்ப வேண்டும்: யார் யார் எந்தக் குழுவில் இருக்கிறீர்கள்? வீட்டுப் பெட்டிகள் பதில் சொல்லும். நாலு நிமிஷம் இருபது விநாடி வரை ஒரு கம்பியிலிருந்து குரலே வராவிட்டால் அங்கே ஆளில்லை என்று முடிவுகட்டி அடைத்துவிடும். வீட்டுப் பெட்டி தானாக முந்திக்கொண்டு பேசாது. கேட்டால்தான் பதில். நம் ஆட்களைவிட மரியாதை தெரிந்த சாதனம்.

ஆனந்தராஜின் தாய்ப்பெட்டி கேட்கவில்லை. அதைக் கேட்காதபடி செய்தவர் ஆனந்தராஜ்.

மீன் ஏலம் கூறுகிற ராக்கன் அன்று கடையில் இருந்திருக்கிறார். அவர் சொல்லித்தான் எனக்கு இந்தக் கதை தெரியும். பெட்டியை மாட்டிக் கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தான். எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, இது இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை வீடுகளைக் கேட்டுக்கொள்ளும் என்றான். ஆனந்தராஜுக்கு முகம் மாறிவிட்டது. அவர் யாரிடமும் எதையும் கேட்காதவர் என்று ஊரில் ஒரு பெயர் இருந்தது. கேட்கிறவன் ஒரு படி கீழே நிற்கிறான் என்பது அவர் கட்சி. மளிகைக்கடையில் கூட விலை கேட்க மாட்டார். எடுத்து வைத்துவிட்டு மேலே பார்த்துக்கொண்டு நிற்பார். அப்படிப்பட்டவருடைய பெட்டி வீடு வீடாகப் போய்க் கேட்பதா?

“நீ இருக்கியா, நீ பாக்குறியான்னு ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா கதவத் தட்டுறதுக்கு நான் என்ன சென்சஸ் எடுக்க வந்தவனா? அதை எடுத்துவிடுங்க சார்” என்றாராம்.

இன்ஜினியருக்கு அறந்தாங்கி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. பெட்டியைக் கேட்க வைக்கிற ஒரு டிக்கை எடுத்துவிட்டுப் போய்விட்டான்.

இப்படி மூன்று வருஷம் ஓடியது. இன்னும் முப்பது வருஷம் ஓடியிருக்கும். ஆனால் போன ஆவணியில் திருச்சியிலிருந்து ஒரு புதுக் கம்பெனிக்காரர்கள் காரில் வந்து, படகு உரிமையாளர் சங்கத்தில் உட்கார்ந்து, நிற்காத படம் தருகிறோம் என்றார்கள். ஊரில் கம்பம் ஊன்றுவதும் கம்பி ஏற்றுவதும் சங்கம் சொல்கிறபடிதான். சங்கம் கை காட்டினால் எண்ணூறு வீடும் ஒரே வாரத்தில் மாறிவிடும். ஆனந்தராஜுக்கு வயது ஐம்பத்து நாலு. இருபத்தெட்டு வருஷமாகக் கம்பி இழுத்ததைத் தவிர வேறொன்றும் தெரியாது. வேறொன்றும் தெரியாது என்று சொல்வதில் ஒரு சலுகை இருக்கிறது. கம்பியும் தெரியாது என்பதே சரி.

சங்கத் தலைவர் அடைக்கலம் நேரே கடைக்கு வந்தார். மீமிசலில் நடக்கும் கபடிப் போட்டியில் நம் ஊர் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தது, எதிரே கீரனூர். மைதானத்தில் கேமரா வைத்துத் தன்னுடைய 501-ஆம் நம்பர் சேனலில் நேரடியாகக் காட்டப் போவதாக ஆனந்தராஜ் ஏற்கெனவே தெருத் தெருவாக மைக் கட்டிச் சொல்லியிருந்தார்.

“ஆனந்து, பழக்கத்துக்காகச் சொல்றேன்” என்றார் அடைக்கலம். “ஞாயித்துக்கெழம ஏலக் கொட்டகையில மூணு டிவி வைப்போம். ஆட்டம் முடியுற வரைக்கும் நிக்காம ஓடுச்சுன்னா ஒங்க கம்பி இருக்கட்டும். நின்னுச்சுன்னா அவுக கம்பி ஏறும். பொறவு எம்மேல வருத்தப்படக் கூடாது.”

ஆனந்தராஜ் “ஆகட்டும் தலைவரே” என்றார். விரல் ஒருமுறை இறங்கி ஏறியது.

அன்று சாயங்காலம் நான் கடைக்குப் போனேன். வாயால் சொல்ல வராது என்று தெரிந்ததால் ஐஸ் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன்: எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும், அதில் ‘குயரியர்’, அதாவது கேட்கிறவன், என்ற வரி எங்கே இருக்கும், அதன் எதிரே ஒரு டிக். மூன்று வரி. அவர் அதைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து வாசித்தார். கடைக்கு வந்திருந்த இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

“நான் இந்த ஊருக்கு மொதக் கம்பி இழுத்தப்ப ஒங்கப்பா எனக்குக் கயிறு புடிச்சாரு. தம்பி அப்ப பொறக்கவே இல்ல. இப்ப தம்பி எனக்கு டிக்கு அடிக்கச் சொல்லித் தாரீங்க. நல்லது.”

ஒரு நாள் மட்டும் போட்டுப் பாருங்கண்ணே என்று ஏதோ முனகினேன். கேக்குற பெட்டி நம்ம கடைக்கு ஆகாது தம்பி என்று சொல்லிவிட்டு, சீட்டை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். மேஜை ஆடுவது நின்றது. என் படிப்பு ஊருக்குப் பயன்பட்ட ஒரே சந்தர்ப்பம் அது. வெளியே வந்தபோது எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேலேயே. கொட்டகையில் எல்லார் முன்னாலும் எழுந்து சொல்லியிருக்கலாம். அடைக்கலத்திடமாவது சொல்லியிருக்கலாம். செவ்வாயிலிருந்து சனி வரை ஐந்து நாள் இருந்தது. ஐந்து நாளும் சொல்லாமலிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே ஏலக் கொட்டகையைக் கழுவிவிட்டு மூன்று டிவிகளை மாட்டினார்கள். மூன்றுக்கும் மூன்று பெட்டி. மூன்று பெட்டிக்கும் கடையிலிருந்து வந்தது ஒரே கம்பி. இதில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனந்தராஜுக்குத் தெரியாது. அவர் மூன்று டிவிக்கும் மூன்று பேரை நிறுத்தினார். முதலாவதற்கு ராக்கன். இரண்டாவதற்குக் கருவாட்டு வியாபாரம் செய்யும் அழகியக்கா. மூன்றாவதற்கு ஐஸ் லாரி ஓட்டும் செந்தமிழன். நாலு நிமிஷத்துக்கு ஒருமுறை இறங்கி ஏறுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதலில் ராக்கன் இறங்கினார். அவர் பெட்டி ‘விலகுகிறேன்’ என்றது. கேள்வி கேட்கத் தெரிந்த தாய்ப்பெட்டியாக இருந்தால், அந்தக் கம்பியில் வேறு யாராவது பார்க்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கும். இது கேட்காத பெட்டி. ஒருவர் விலகியதும் கம்பியையே அடைத்துவிட்டது. அழகியக்காவின் டிவியும் செந்தமிழனின் டிவியும் நின்றன. நின்றதும் அழகியக்கா பதறிப்போய் இறங்கினார். அதற்குள் ஏறியிருந்த ராக்கனின் படம் நின்றது. ராக்கன் மறுபடி இறங்க, செந்தமிழனுக்கு நின்றது. மூன்று பேரும் ஒருவரையொருவர் கவிழ்த்துக்கொண்டு பத்து நிமிஷம் இறங்கி ஏறினார்கள். படம் எதிலும் முழுதாக நிற்கவுமில்லை, ஓடவுமில்லை.

“நீ சும்மா இருந்தாலே எனக்கு ஓடும்யா” என்றார் அழகியக்கா.

“நீ மொத சும்மா இரு. ஏலத்துலதான் என் வாயப் புடுங்குறன்னா இங்கயுமா” என்றார் ராக்கன்.

ஆனந்தராஜ் எழுந்தார். இங்கே அவரைக் கொஞ்சம் பாராட்ட வேண்டும். மூன்று பேரும் ஒரே நேரத்தில் இறங்கி ஒரே நேரத்தில் ஏறினால் சண்டை இல்லை என்பதை அவர் தானாகக் கண்டுபிடித்துவிட்டார். டிக் அடித்தால் தீர்கிற ஒன்றுக்கு அவர் ஒரு படையையே பழக்கத் தயாராக இருந்தார். விசில் ஒன்று வாங்கி வரச் செய்தார். ஒரு விசிலுக்கு இறங்கு, மறு விசிலுக்கு ஏறு. இரண்டு முறை ஒத்திகை பார்த்தார்கள். பிரமாதமாக இருந்தது. அடைக்கலம்கூட மீசையை ஒதுக்கிவிட்டுச் சிரித்தார்.

நாலரைக்கு ஆட்டம் தொடங்கியது. கபடி ஆட்டத்தில் நடுவர் விசில் ஊதுவார் என்பது கொட்டகையில் இருந்த நானூறு பேரில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நடுவர் முதல் விசிலை ஊதினார்; மூன்று பேரும் ஒழுங்காக இறங்கினார்கள். 501-க்குக் கீழேயும் ஒரு பக்திச் சேனல்தான்; அதில் விசில் ஏது? ஏறச் சொல்ல ஆளில்லாமல் மூன்று டிவியிலும் ஒரு சாமியார் மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொண்டிருந்தார். ஆனந்தராஜ் ஓடிவந்து ஊதினார், ஏறினார்கள். ஏறிய நொடியில் மீமிசலில் நடுவர் ஊதினார், இறங்கினார்கள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஊர் அணி முதல் ஐந்து புள்ளிகளை எடுத்தபோது நாங்கள் மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடக் கற்றுக்கொண்டிருந்தோம்.

அடைக்கலம் சிரிக்கவில்லை. ஆனாலும் படம் நின்றதாகச் சொல்ல முடியாது, மாறியதாகத்தான் சொல்லலாம் என்று ஆனந்தராஜ் அவரிடம் போய் வாதாடினார். சரி, பாப்போம் என்றார் அவர்.

விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு ஆனந்தராஜ் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் ஏறி நின்றார். தோளில் கிடந்த ஆரஞ்சு நிறத் துண்டை எடுத்தார். துண்டு ஆடினால் இறங்கு, மறுபடி ஆடினால் ஏறு. இடது கையில் செல்போன். அதில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இது வேலை செய்தது. நாலு நிமிஷத்துக்கு ஒருமுறை துண்டு காற்றில் அடிக்கும், மூன்று கட்டைவிரலும் ஒன்றாக இறங்கும், ஒன்றாக ஏறும். முதல் பாதி முடிந்தது. இரண்டாம் பாதியில் கூட்டம் அதற்குப் பழகிவிட்டது. துண்டு மேலே போகும்போது நானூறு பேரும் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்த மாதிரி இருந்துவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். நம் ஜனங்களுக்கு எதையும் பழக்கிவிடலாம். ஆனந்தராஜின் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. கொடி ஏற்றுகிற மந்திரியைப் போல நின்றார்.

கடைசி நிமிஷத்தில் இரண்டு அணியும் சமம். நம் ஊரில் ரகுநாத் மட்டும் மிச்சம். கீரனூர் பக்கம் நாலு பேர். ரகுநாத் பாடிக்கொண்டு உள்ளே போனான். படகில் வலை இழுக்கிற பையன். தோளைப் பார்த்தாலே தெரியும். இடது ஓரத்தில் ஒருவனைத் தொடுவது போல் ஏமாற்றினான், பின்வாங்கினான், கூட்டமே பெஞ்சை விட்டு எழுந்தது. நான் டிவியைப் பார்க்கவில்லை. ஆனந்தராஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆட்டத்தைவிட அது முக்கியமாகிவிட்டிருந்தது.

செல்போனைப் பிடித்த கை தொடைக்குக் கீழே இறங்கியிருந்தது. துண்டு தோளுக்குத் திரும்பியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ரகுநாத் காலை நீட்டியபோது மீன் பெட்டியின் மேல் நின்றபடியே அவரும் ஒரு காலைக் கொஞ்சம் நீட்டினார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர் தன்னுடைய சேனலை, இறங்காமல் ஏறாமல், ஜனத்தில் ஒருவராக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கட்டைவிரல்கூடச் சும்மா இருந்தது.

படம் நின்றது.

மூன்று டிவியிலும் ரகுநாத்தின் வலது கால் காற்றில் இருந்தது. அவன் இடுப்பைச் சுற்றி ஒரு கை. கோட்டுக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு சாண். கொட்டகையில் சத்தம் எழும்ப இரண்டு விநாடி ஆயிற்று. ஆனந்தராஜ் துண்டை எடுத்து ஆட்டினார். ராக்கன் இறங்கினார், அழகியக்கா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை, செந்தமிழன் இரண்டு தடவை இறங்கிவிட்டான். துண்டு ஆடிக்கொண்டே இருந்தது. படம் திரும்பி வந்தபோது ரகுநாத்தைத் தோளில் தூக்கிவைத்து மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஜெயித்திருக்கிறோம். எப்படி ஜெயித்தோம் என்று ஜெகதாப்பட்டினத்தில் ஒருவருக்கும் தெரியாது.

ஆனந்தராஜ் இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

“துண்ட எறக்குங்க ஆனந்து” என்றார் அடைக்கலம். “போதும்.”

புரட்டாசி பிறப்பதற்குள் புதுக் கம்பி ஏறிவிட்டது. படம் நிற்பதில்லை. சில வீடுகளில் இன்னும் இறங்கி ஏறுகிறார்கள், கேட்டால் சிரிக்கிறார்கள். ஆனந்தராஜை நான் ஒருமுறை மீமிசல் மீன் இறங்குதளத்தில் பார்த்தேன். யாரோ ஒருவருக்கு சிசிடிவி கேமரா மாட்ட இடம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் வராது.

ஐப்பசியில் அடைக்கலம் என்னைக் கூப்பிட்டு, எந்தக் கம்பி எந்த வீட்டுக்கு என்ற பட்டியல் பழைய தாய்ப்பெட்டியில்தான் இருக்கிறதாம், புதுக் கம்பெனிக்கு வேண்டுமாம், எடுத்துக் கொடுப்பா என்றார். கடைச் சாவி ஆனந்தராஜின் மனைவி சுகுணாவிடம் இருந்தது. அவர் திறந்துவிட்டு மாடிப்படியில் நின்றார். பட்டியலை எடுத்த பிறகு, பெட்டியில் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்ற பதிவையும் திறந்து பார்த்தேன். மூன்று வருஷத்தில் அதிகம் இல்லை. என் சீட்டுக்கு ஐந்து மாதத்துக்கு முன்னால், மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது பன்னிரண்டுக்குக் குயரியர் இயக்கப்பட்டிருந்தது. அன்றே மாலை ஆறு நாற்பதுக்கு நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டும் ஆனந்தராஜின் பாஸ்வேர்டில்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஏதாவது நடந்ததா என்று சுகுணாக்காவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

“அன்னைக்குக் கடைக்கு ஒரு போன்கூட வரலப்பா. காலையிலருந்து செல்ல மேசையில வச்சுப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தாரு. மத்தியானம் வீட்டுக்கு வந்து, போன் ரிப்பேரு போலருக்கு, ஒன் செல்லுலருந்து ஒருக்கா அடின்னாரு. அடிச்சேன். நல்லாத்தான் அடிச்சுச்சு. சோறு வேணாம்னுட்டு எந்திரிச்சுப் போனாரு. சாயங்காலம் இந்த மாடிக்கு வந்து எதையோ அமுக்கிட்டு, இந்தப் படியிலயே ஒக்காந்தாரு. அஞ்சு நிமிஷம் ஆகல, போன் வந்துருச்சு.”